கண்டக்டர் மகளின் மார்க்

“விக்கிரவாண்டி ரெண்டா? இந்தாங்க. நம்ம பொண்ணு பிளஸ் டூவுல ஆயிரத்து நூத்திப் பதினெட்டுங்க. சென்னையில பெரிய சட்டக் காலேஜுல சேரப் போவுது.”

டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்கு நகர்ந்தார் கண்டக்டர் அடைக்கலராஜ். அங்கேயும் அதே பேச்சு.

“மொதல்ல மீதிச் சில்லறையைக் குடுப்பா!” என்றாள் கூடைக்காரி ஒருத்தி. பஸ் சிரித்தது.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் தனியார் பஸ் அது. 2011 மே மாதம் ரிசல்ட் வந்ததிலிருந்து, அதில் ஏறிய யாரும் அவர் மகள் சகாய பிரியாவின் மார்க்கைக் கேட்காமல் இறங்கியதில்லை.

அந்த மகளோடு முன் சீட்டில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி லூர்துசெல்விக்கு உடம்பெல்லாம் கூசியது.

“உங்கப்பாவுக்கு இன்னாடி ஆச்சு? அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத மனுஷன். இப்ப மானத்தை வாங்கிக்கினு இருக்காரு.”

பிரியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கூட்டேரிப்பட்டில் சுப்பராயலு ஏறினார். கரும்பு, மல்லாட்டை என்று சொந்த நிலத்தில் பயிர் வைக்கிறவர். அவர் மகள் அஸ்வினியும் பிரியாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள்.

அவரைப் பார்த்ததும் அடைக்கலராஜின் குரல் இன்னும் உயர்ந்தது.

“வாங்க சுப்பராயலு! நம்ம பொண்ணு மார்க்கு தெரியுமில்ல? இந்த ரூட்டுலயே வேற எந்தப் புள்ளையும் இவ்வளவு வாங்கல.”

சுப்பராயலு வெடுக்கென்று திரும்பினார். “யாரு சொன்னது? எம் பொண்ணு ஆயிரத்து நூத்தி முப்பத்தொண்ணு.”

“அப்படியா! அப்ப சட்டக் காலேஜுக்கு அப்ளிகேஷன் போட்டாச்சா?”

“அதெல்லாம் எதுக்கு? மாப்பிள்ளை பாத்துக்கினு இருக்கோம்.”

“அதான பாத்தேன்!” அடைக்கலராஜ் சத்தமாகச் சிரித்தார். “மார்க்கு வாங்கறது பெரிசில்லைங்க. அந்தக் காலேஜுல சீட்டு வாங்கணும். அதெல்லாம் எங்க வீட்டுப் பொண்ணாலதான் முடியும்.”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. சுப்பராயலுவின் மீசை துடித்தது.

“யோவ் கண்டக்டரே, ரொம்பப் பேசாத. எம் பொண்ணு அப்ளிகேஷன் போட்டா உம் பொண்ணுக்கு சீட்டே இருக்காது!”

“போட்டுத்தான் பாருங்களேன். இன்னும் டைம் இருக்குது.”

விழுப்புரத்துக்கு டிக்கெட் வாங்கிய சுப்பராயலு விக்கிரவாண்டியிலேயே இறங்கி, எதிரே வந்த பஸ்ஸில் ஏறி ஊருக்குத் திரும்பிவிட்டார்.

“எதுக்குங்க அவரை வம்புக்கு இழுத்தீங்க?” என்றாள் லூர்துசெல்வி.

“நீ சும்மா இரு” என்று விசில் ஊதினார் அடைக்கலராஜ்.

மறுநாளே சுப்பராயலு மகளைச் சென்னைக்கு அழைத்துப் போய் அப்ளிகேஷன் கொடுத்துவிட்டு வந்தார்.

ஜூலையில் லிஸ்ட் வந்தது. அஸ்வினிக்கு சீட்டு கிடைத்தது. பிரியா வெயிட்டிங் லிஸ்ட்டில் முதல் ஆள். சீட்டு கிடைத்தவர்கள் யாரும் கடைசிவரை அதை விடவில்லை.

காலேஜில் சேரப் போகிற அன்று மகளோடு, திண்டிவனம் திரும்புகிற அதே பஸ்ஸில் ஏறினார் சுப்பராயலு. கையில் லட்டு டப்பா. டிரைவரில் தொடங்கி கடைசி சீட்டு வரைக்கும் கொடுத்து முடித்துவிட்டுத்தான் அடைக்கலராஜிடம் வந்தார்.

“இன்னா கண்டக்டரே, எந்த வீட்டுப் பொண்ணு காலேஜுக்குப் போவுது?”

“உங்க வீட்டுப் பொண்ணுதாங்க.” அடைக்கலராஜ் லட்டை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, அஸ்வினியைப் பார்த்தார். “நல்லா படிம்மா.”

அஸ்வினியின் கண் கலங்கிவிட்டது.

இந்தச் செய்தி அவருக்கு முன்னால் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. சாப்பாட்டுத் தட்டை ணங்கென்று வைத்தாள் லூர்துசெல்வி.

“அந்தாளு பாட்டுக்குச் சும்மா இருந்தாரு. பீத்திப் பீத்தி அவருக்கு ரோஷத்தைக் கிளப்பி, பெத்த பொண்ணு சீட்டுல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே! அந்த லட்டு எப்படிங்க தொண்டையில இறங்குச்சு?”

அடைக்கலராஜ் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். தப்பு செய்தவன் பார்வையாக அது இல்லை.

“அப்பாவைத் திட்டாதம்மா” என்றாள் பிரியா. “செங்கல்பட்டு சட்டக் காலேஜுல எனக்கு சீட்டு கிடைச்சிடும். எங்க படிச்சாலும் அதே கறுப்புக் கோட்டுதான்.”

“நீ ஒருத்தி, அவருக்கு வக்காலத்து! அஸ்வினி அப்ளிகேஷன் போட்டா உன் சீட்டுக்கு ஆபத்துன்னு இந்த மனுஷனுக்குத் தெரியாதா?”

“தெரியும்மா. முடியவே முடியாதுன்னுதான் சொன்னாரு. நான் விடல.”

லூர்துசெல்வி புரியாமல் பார்த்தாள்.

“மேல படிக்கறேன்னு அஸ்வினி அழுது பாத்தா. டீச்சர் வீட்டுக்கே போய்ச் சொன்னாங்க. நானும் கெஞ்சினேன். அவங்கப்பா மசியல. அவருக்கு ரோஷம் வந்தாத்தான் காரியம் நடக்கும்னு தோணுச்சு. பஸ்ஸுல இன்னா பேசணும்னு அப்பாவுக்கு ஒவ்வொரு வார்த்தையா சொல்லிக் குடுத்ததே நான்தாம்மா.”