சிடுமூஞ்சியின் புது வீடு

வாளியின் மூடியை மெல்லத் திறந்து பார்த்தேன். சிடுமூஞ்சி உயிரோடுதான் இருந்தது.

அடியில் ஓர் ஓரமாக ஒண்டிக்கொண்டு, என்னைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடியது. திட்டுகிறது. திட்டட்டும். திட்டுகிற அளவுக்குத் தெம்பிருக்கிறதே, அதுவே போதும்.

விரல் நீள ஆரஞ்சு மீன். உடம்பில் மூன்று வெள்ளைப் பட்டை. தொட்டிக்குள் கையை விட்டால் ஓடிவந்து கடிக்கும். அதற்குச் சிடுமூஞ்சி என்று பெயர் வைத்தவள் என் மகள். யாரை மனதில் வைத்துக்கொண்டு வைத்தாளோ, நான் கேட்டதில்லை.

தொட்டியை அவள் அம்மா வீட்டு ஹாலில் வைத்தாயிற்று. வெயில் படாத மூலை, நான் சொன்ன இடம்தான். மணல், கடல் கற்கள், தண்ணீர் எல்லாம் உள்ளே போயாயிற்று. இனி மீன்தான் பாக்கி.

அதை அப்படியே தூக்கிப் போட்டுவிட முடியாது. கடல் மீன் அதிர்ச்சியிலேயே செத்துப்போகும். மெல்லிய டியூபில் ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வாளிக்குள் விட வேண்டும். மீன் பழகும்வரை பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

இருந்தேன். உண்மையைச் சொன்னால், எழுந்திருக்கவே எனக்கு மனமில்லை.

நான் குடிபோகிற ரூம் மூன்றாவது மாடி. இத்தனை எடையைத் தளம் தாங்காது, தொட்டி வேண்டாம் என்று வீட்டுக்காரர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். சரி, யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றேன்.

"எங்க வீட்டுல வச்சுக்கலாம்ப்பா," என்றாள் மகள்.

எங்க வீடு என்றால் இது. நான் இல்லாத வீடு.

ஞாயிறுதோறும் என்னிடம் வருவாள். வந்ததும் வராததுமாகத் தொட்டிக்கு முன்னால் போய் நிற்பாள். என் பக்கம் திரும்புவதெல்லாம் அப்புறம்தான். மீனுக்குச் சாப்பாடு, மீனோடு பேச்சு, இரண்டு பேருமாகத் தண்ணீர் மாற்றுவோம், சாயங்காலம் கிளம்பிவிடுவாள். மீனைப் பார்க்க வருகிற பெண்ணுக்கு டீ போட்டுக் கொடுக்கிற ஆள் நான், அவ்வளவுதான். வருத்தமில்லை என்றால் பொய். அந்த ஒரு நாளை வைத்துத்தான் மற்ற நாட்களை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது மீன் இங்கே. அடுத்த ஞாயிறு அவள் எதற்கு மூன்று மாடி ஏறி வர வேண்டும்?

காலையிலிருந்து அவளும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பழைய வீட்டுப் படியில் என் கை நழுவி, சேமித்துவைத்த தொட்டித் தண்ணீர் ஒரு கேன் முழுக்கக் கொட்டிப்போனது. நான் தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அவள் உப்புப் பாக்கெட்டைப் பிரித்தாள். வடிகட்டிய தண்ணீரில் கலந்தாள். உப்பு மீட்டரில் ஒரு சொட்டு விட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நம்பாமல் நானும் வாங்கிப் பார்த்தேன். உப்பின் அளவு இம்மி பிசகவில்லை.

இங்கே வாளிக்குள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கையில், அவள் அம்மா கண்ணாடி துடைக்கிற ஸ்ப்ரேயும் துணியுமாக வந்தாள். தொட்டியைப் பளபளவென்று ஆக்கிவிடலாம் என்று நல்லெண்ணம். "ஐயையோ!" என்று நான் போட்ட கூச்சலில், பாவம், பாட்டிலைச் சோபாவிலேயே போட்டுவிட்டாள். அதில் ஒரு துளி உள்ளே விழுந்தாலும் எல்லாம் காலி.

முன்பென்றால் இதை வைத்தே இரண்டு நாள் சண்டை ஓடியிருக்கும். இப்போது "பரவாயில்லைங்க" என்றாள். விருந்தாளிக்கு எடுக்கிற கப்பில் டீ கொண்டுவந்து வைத்தாள். சண்டையே தேவலை என்றிருந்தது எனக்கு.

நேரமாயிற்று. சிடுமூஞ்சியைச் சின்ன டப்பாவில் ஏந்தித் தொட்டிக்குள் இறக்கினேன். விட்ட வேகத்தில் கல் இடுக்குக்குள் ஓடி ஒளிந்தது.

மூன்று பேரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கொஞ்ச நேரத்தில் தலை தெரிந்தது. அப்புறம் முழு உடம்பும். நேராகக் கண்ணாடிக்கு வந்து என்னை முறைத்தது. பிழைத்துக்கொண்டது.

என் வேலை முடிந்தது. இனி இந்த வீட்டில் எனக்கு ஒரு வேலையும் இல்லை.

இன்றைக்கு லைட் போட வேண்டாம், சாப்பாடு நாளைக்குப் போதும், வாராவாரம் தண்ணீர் மாற்ற வேண்டும், குழாய்த் தண்ணீர் ஆகவே ஆகாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொன்னதையே இன்னொரு தடவையும் சொன்னேன். அப்புறம் சொல்ல எதுவும் மிச்சமில்லை.

"தண்ணி மாத்தணும்னு சொன்னீங்களே, அதை யாரு செய்வாங்க?" என்று கேட்டாள் அவள் அம்மா.

இவளே செய்வாள், என்னைவிட நன்றாகவே செய்வாள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"எனக்கு உப்புக் கலக்கத் தெரியாதும்மா," என்றாள் மகள், தொட்டியைவிட்டுத் திரும்பாமலே. "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அப்பாதான் வரணும்."

கண்ணாடியில் கையை ஊன்றியிருந்தாள். சட்டைக் கையின் முனை முழுக்க உப்புப் பூத்திருந்தது. காலையில் கலந்த உப்பு.

அவள் அம்மாவும் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, டீக் கப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"ஆமா, கொஞ்சம் கஷ்டமான வேலைதான்," என்றேன்.

காலி வாளிகளை வண்டியில் ஏற்றினேன். ஒன்றை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.