மூன்று டம்ளர் கடுங்காப்பி

ஜெயசித்ரா மூன்று டம்ளர் கடுங்காப்பியைக் கணவர் முன் வைத்தாள்.

"மூணும் வேற வேற கடையில வறுத்த கொட்டை. எது எதுன்னு சொல்லுங்க, பாப்போம்."

முத்துச்செல்வம் தென்காசியில் காப்பிக்கொட்டை வறுத்து விற்கும் ஒரு கடைக்கு இருபது வருடமாக ருசி பார்ப்பவர். ஒரு மாதக் காய்ச்சலுக்குப் பிறகு நாளை வேலைக்குத் திரும்புகிறார். ஒவ்வொன்றாக உறிஞ்சினார்.

"முதல்ல உள்ளது நம்ம கடை. ரெண்டாவது செங்கோட்டை, லேசாப் புளிக்கி. மூணாவது குற்றாலம், வறுவல் கூடிட்டு."

"மூணுமே நம்ம கடைக் கொட்டைதான். ஒரே சட்டியில போட்டது."

அவர் தலை குனிந்தார். "காய்ச்சல்லருந்து மணமும் தெரியல, ருசியும் தெரியல. எல்லாம் வெந்நி மாதிரிதான் இருக்கு."

"நேத்து அடிப்பிடிச்ச குழம்ப நல்லாருக்குன்னு ரெண்டாந்தடவ கேட்டு வாங்குனீங்க. அப்பவே சந்தேகம்."

ஜெயசித்ரா மூன்று டம்ளரையும் எடுத்து ஓரமாக வைத்தாள்.

"நாளைக்கு நானும் கடைக்கு வாரேன். முதலாளிகிட்ட சேந்தே சொல்லுவோம்," என்றாள்.