உமி விழாத சந்து

பட்டக்காரரின் இரண்டு ஓட்டு வீடுகளுக்கும் நடுவிலிருந்த சந்தில் யாரும் 'காத்து' என்று சொல்வதில்லை.

அப்படி யாரும் விதித்ததில்லை. வீசுவதற்கும் அதுதான் பெயர்; செத்தும் அடங்காமல் ஆள்மேல் ஏறுவதற்கும் அதுதான் பெயர். அது நிற்கும் இடத்திலேயே அதன் பெயரைச் சொன்னால், சொன்னவரோடு வந்துவிடும். பேய்க்கு அஞ்சுகிறோமா, பட்டக்காரருக்கு அஞ்சுகிறோமா என்று திண்ணனூர் நாட்டின் அந்த மலைச் சிற்றூரில் எவரும் பிரித்துப் பார்த்ததுமில்லை.

சேலத்தில் துரைமார் குடியிருப்பைப் பார்த்துவிட்டு வந்த ஊர்த்தலைவர், பட்டக்காரர் அர்த்தனாரி, சித்திரையில் தம் பழைய வீட்டுக்கு இணையாக, அதே நீளத்தில் இன்னொன்று கட்டுவித்தார். ஊரின் மற்றக் குடிசைகள் முன்னும் பின்னுமாக, ஒன்றுக்கொன்று தோளைத் திருப்பிக்கொண்டு நிற்பவை. இவை மட்டும் கோடு கிழித்தாற்போல் நின்றன. சந்தின் ஒரு முனையில் மேற்குப் பள்ளத்தாக்கு. மறுமுனைக்கு நேர் எதிரே குப்பாயியின் குடிசை.

ஆடி பிறந்ததும் அவள் கூரை இருமுறை பிரிந்தது. அடுப்புக் கங்கு பாய்மேல் பறந்து விழுந்தது. கைக்குழந்தையின் இருமல் நிற்கவேயில்லை.

அடிவாரத்துப் புளியஞ்சோலையிலிருந்து வாக்கப்பட்டு வந்தபோது அவளோடு 'அது'வும் ஏறி வந்துவிட்டது என்று பூசாரி குறி சொன்னார். குழந்தையை விட்டுவிட்டு அவள் பிறந்த ஊருக்கே இறங்கிவிட வேண்டும். இன்றே, பொழுது உச்சிக்கு வருமுன்.

ஊர் சந்துக்குள் கூடியிருந்தது. பெண்கள் முந்தானையைப் பல்லில் கடித்துப் பிடித்திருந்தார்கள். குழந்தை ஏற்கெனவே நாத்தனார் அத்தாயியின் இடுப்புக்கு மாறியிருந்தது.

குப்பாயி அழவில்லை. ஒரு முறம் நிறையச் சாமை உமியோடு வந்தாள்.

"இத்தன நாளா ஒரு முறம் ஒழுங்காத் தூத்துனதில்ல. போற நேரத்துல களத்த உட்டுப்போட்டுச் சந்துல தூத்தறாங்களாமா!" என்றாள் அத்தாயி. இரண்டொருவர் சிரித்தார்கள்.

குப்பாயி புது வீட்டைச் சுற்றிக்கொண்டு அதன் வெளிப்புறம் போனாள். எல்லாரும் எட்டிப் பார்க்க, ஒரு பிடி உமியை மெல்ல விட்டாள். அது சற்றே சாய்ந்து அவள் காலருகே விழுந்தது.

சந்துக்குள் வந்து இன்னொரு பிடி விட்டாள். ஓர் உமிகூடத் தரையைத் தொடவில்லை. அத்தனையும் அவள் குடிசை வாசலில் போய் அடித்தது.

மூன்று முறை அப்படிச் செய்தாள்.

உமி போகும் போக்கை அறிந்தே பிழைப்பவர்கள் அவர்கள். எல்லாரும் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

பட்டக்காரர் தொண்டையைச் செருமினார்.

"பாத்தீங்களா, அது அவ கையிலிருந்து எப்படி ஓடுதுன்னு!" என்றார் பூசாரி. "பொழுது ஏறுது. கௌம்பு புள்ள."

குப்பாயி தன் கணவன் சின்னக்கண்ணுவைப் பார்த்தாள். அவன் புது வீட்டுச் சுவரில் கையூன்றி, தலை நிமிராமல் நின்றான். மண்பூச்சு காய்வதற்குள் பதிந்துபோன ஒரு கைத்தடம் அங்கே இருந்தது. அவன் ஐந்து விரல்களும் அதில் சரியாகப் பொருந்தியிருந்தன.

குப்பாயி முறத்தைக் கீழே வைத்தாள். குழந்தையின் உள்ளங்காலை ஒருமுறை தொட்டுவிட்டு, மலையிறங்கும் பாதைப் பக்கம் திரும்பினாள்.

குழந்தை இருமியது.

சின்னக்கண்ணு சுவரிலிருந்து கையை எடுத்தான்.

"செவுரு எழும்பயிலயே நேரு பாக்கற தூக்குக்குண்டு நெலையா நிக்கலீங்க," என்றான் பட்டக்காரரிடம். "நூலு துடிச்சுக்கிட்டே கெடந்துச்சு. அன்னைக்கே எனக்குத் தெரியுமுங்க. பேயுமில்ல, கருப்புமில்ல. நாங் கட்டுன சந்துல வர்ற வெறுங் காத்துங்க இது. காத்து!"