ராணிக்குப் பதிலாக நின்ற பொம்மை

பதினாறு வயது ராணியைப் படம் வரைய ஓவியர் வந்தார். ராணி ஒரு மணி நேரம் முகத்தைக் காட்டிவிட்டுப் போய்விட்டாள். மிச்சத்துக்கு அவளுடைய முத்துப் பதித்த கவுனை ஒரு மரப்பொம்மைக்கு மாட்டி, இருபது நாள் நிறுத்தி வைத்து வரைந்தார்.

படம் சபா மண்டபத்தில் ஏறியது. ராணி எவ்வளவு கம்பீரமாக நிற்கிறார் என்று சொல்லாத ஆளில்லை. வேலை முடிந்து அங்கேயே மூலையில் கிடந்த பொம்மைக்கு உச்சி குளிர்ந்துபோனது. முகம் யாருடையதாக இருந்தால் என்ன, நின்றது தான்தானே என்று நினைத்துக்கொண்டது.

ஒருநாள் அமைச்சர் ராணிக்கு அதே கவுனை உடுத்தச் சொல்லி, படத்துக்கு முன்னால் கூட்டிவந்தார்.

"இனி சபையில் இப்படித்தான் நிற்க வேண்டும், மகாராணி. ஜனங்கள் இதைப் பார்த்துப் பழகிவிட்டார்கள்."

ராணி அசையாமல் நின்றாள். ஒரு நாழிகை போனது. வெளியே ஒன்றும் தெரியவில்லை; உள்ளே கால்கள் வெடவெடவென்று நடுங்குவது கவுனுக்கு மட்டும் தெரிந்தது.

"உன்னைப் போலவே நிற்கிறாள்," என்றது கவுன் பொம்மையிடம். "சந்தோஷம்தானே?"

பொம்மை குனிந்து தன் அடியைப் பார்த்தது. அங்கே ஒற்றைக் கட்டைதான் இருந்தது.

"எனக்கு முழங்கால் கிடையாது, நின்றுவிட்டேன்," என்றது. "அந்தப் பெண்ணுக்கு இருக்கிறதே."