அறுபத்து நான்கு கால்கள்

துறைமுக வாயிலில் ஒரு விசைப்படகு கவிழ்ந்து கிடந்தது. உயர்ந்த அலைகளில் அது வெளியே தெரியவில்லை. டெல்பினின் அண்ணன் இதை அறியாமல் அந்த வழியாகத்தான் கடலிலிருந்து திரும்புவான். அவனிடம் சொல்ல இருந்த ஒரே வயர்லெஸ் செட்டின் சிப்பும் காலை மின்னலில் கருகியிருந்தது. பழுதாகிக் கிடந்த ஒரு பழைய செட்டிலிருந்து பெயர்த்த சிப்பை டெல்பின் அதில் வைத்து சால்டர் செய்யத் தொடங்கினாள். அதற்கு மயிரிழை போல அறுபத்து நான்கு கால்கள். ஈயம் வழிந்து இரண்டு கால்கள் ஒட்டிக்கொண்டன. உறிஞ்சி எடுத்தாள். மறுபடியும் ஒட்டின.

“மைனி, லென்ஸ ஆட்டாதிய.”

“நா ஆட்டல மக்களே. ஒனக்க கைதான் வெறைக்கு,” என்றாள் சிப்புக்கு மேல் லென்ஸைப் பிடித்திருந்த அண்ணன் மனைவி ஸ்டெல்லா.

டெல்பின் மணிக்கட்டை மேசையில் அழுத்தி, மூச்சை அடக்கி, ஒவ்வொரு காலாகப் பற்றவைத்தாள். கடைசிக் காலும் பிடித்ததும் பச்சை விளக்கு எரிந்தது. அவள் மைக்கை எடுத்தாள். விடிந்ததிலிருந்து தன் கணவன் கரைசேர ஜெபித்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா அதைப் பிடுங்கினாள்.

“கரைக்கு வராதிய. கேக்குதா? இங்க வராதிய, தெக்க திருப்புங்க.”

பொத்தானை விட்டுக் காத்திருந்தாள். இரைச்சல்தான் வந்தது. மறுபடி அழுத்தினாள். ஜன்னலுக்கு வெளியே, தூரத்தில், அவன் படகு அலைமேல் ஏறி, எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாததுபோல் நின்றது.