அடிபம்பு விழுங்கிய தண்ணீர்

சுண்ணாம்புக்காரத் தெருவில் ஓர் அடிபம்பு இருந்தது. அதன் தண்ணீரைக் குடித்துப் பலருக்கு வயிற்றுப்போக்கு வந்ததால், மாநகராட்சியும் ஓர் அறக்கட்டளையும் சேர்ந்து எதிரே சுத்திகரித்த தண்ணீர்க் குழாய் வைத்தன. குடிக்கக் கூடாது என்பதற்கு அடையாளமாகப் பம்புக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தார்கள். அன்றிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை.

“தினமும் யாரைத் தேடுறே?” என்று அதன்மேல் உட்கார்ந்திருந்த காகம் கேட்டது.

“ஜெபராணியை. என் கைப்பிடியில தொங்கி ஊஞ்சலாடுவா. ஒரே ஒரு தடவை வந்தாப் போதும்.”

மூன்று மாதம் கழித்து ஒரு மதியம் மின்சாரம் போய், புதுக்குழாய் நின்றுவிட்டது. சிறுமி ஜெபராணி குடத்தோடு ஓடிவந்தாள். முன்பு வயிற்றுப்போக்கில் ஒட்டிக் கிடந்த கன்னம் இப்போது சதை பிடித்து உப்பியிருந்தது. தாகத்தில் வேகவேகமாகப் பம்பை அடித்தாள்.

தண்ணீர் தொண்டைவரை ஏறியது. பம்பு அதை விழுங்கிக்கொண்டது. அவள் அடிக்க அடிக்க வெறும் காற்றையே விட்டது.

“சே, இது செத்துப்போச்சு” என்று சொல்லிவிட்டு அவள் எதிர்ப்பக்கம் போய், மின்சாரம் வரக் காத்திருந்தாள்.

“இத்தனை நாள் ஏங்கினியே, ஏன் கொடுக்கலே?” என்றது காகம்.

“கொஞ்சம் சும்மா இரு” என்றது பம்பு. “கைப்பிடியில அவ கைச்சூடு இன்னும் இருக்கு.”