ஒரிஜினல்

“இது ஒரிஜினல் இல்லம்மா, கலர் ஜெராக்ஸ்.”

சான்றிதழ் சரிபார்க்கும் அந்த அம்மாள், மதிப்பெண் பட்டியலின் முத்திரை மேல் கட்டைவிரலை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். பல்கலைக்கழகத்தில் அவருக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர். மற்ற மேஜைகளில் தப்பித்த தப்பெல்லாம் அவரிடம் வந்து மாட்டிக்கொள்ளும். அழுத்திய முத்திரை என்றால் விரலில் மேடு தட்டுப்பட வேண்டும். இதுவோ வழுவழுவென்று இருந்தது.

எதிரே நின்ற பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. கூட வந்தவர் தையல்காரர் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. சட்டைத் தோளில் நூல் துணுக்கு ஒட்டியிருந்தது. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்றி வைக்கக்கூட மறந்து ஓடி வந்திருந்தார்.

இத்தனைக்கும், சற்று முன்புதான் அந்த ஃபைலைப் பூதக்கண்ணாடியே மனசுக்குள் மெச்சியிருந்தார். கேட்ட வரிசையிலேயே எல்லாம் அடுக்கியிருந்தது. ஒவ்வொரு பிளாஸ்டிக் உறையின் ஓரத்திலும் ஒரு நூலைத் தைத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். சிவப்பை இழுத்தால் மதிப்பெண் பட்டியல் வரும், நீலத்தை இழுத்தால் பள்ளி மாற்றுச் சான்றிதழ் வரும். காலையிலிருந்து கசங்கிய காகிதங்களோடு மல்லுக்கட்டி நொந்திருந்தவருக்கு, பெற்றவர் என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும் என்று தோன்றியது.

தையல்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். பத்திரமாக இருக்கட்டுமே என்று காலையில்தான் பஸ் ஸ்டாப் கடையில் கலரில் ஒரு நகல் எடுத்தாராம். நகல் அச்சு அசலாக வந்துவிட்ட சந்தோஷத்தில் அதையே உறைக்குள் போட்டுக்கொண்டு, ஒரிஜினலை மிஷின் மூடிக்கு அடியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

“ஓடிப்போய் எடுத்துட்டு வந்துடறேன் மேடம்.”

“ஒரு மணிக்கு மேஜையை மூடிடுவேன்” என்றார் பூதக்கண்ணாடி. “இந்தப் பிரிவுல மிச்சம் இருக்கிறது ஒரே ஒரு இடம். அதுக்குள்ள வரலைன்னா அடுத்த ரேங்க்குக்குப் போயிடும். அதோ, அந்தப் பொண்ணுக்கு.”

காத்திருப்புப் பட்டியலுக்கென்று ஜன்னலோரம் தனி பெஞ்சு போட்டிருந்தார்கள். எல்லோரும் கலைந்துபோய், ஃபைலை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு ஒரு பெண் மட்டும் உட்கார்ந்திருந்தாள். தையல்காரர் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்து ஓட்டம் எடுத்தார்.

நின்ற பெண் துப்பட்டா நுனியைக் கடித்தபடி அழுகையை அடக்கிக்கொண்டிருந்தாள். பூதக்கண்ணாடிக்கும் மனசு கேட்கவில்லை. ஆனால் சட்டம் சட்டம்தான். இதே மேஜையில் எத்தனையோ பேரைக் கண்ணீரோடு திருப்பி அனுப்பியவர் அவர்.

கடிகாரத்தில் ஒரு மணி ஆனது. அவர் பெஞ்சைப் பார்த்து, ஃபைலை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்.

அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தாள்.

“வந்துட்டிருக்கார் மேடம். கேட் பக்கத்துல வந்துட்டார். கொஞ்சம் பொறுங்களேன்.”

“அவர் வந்துட்டா உனக்கு இடம் கிடையாது. தெரியுமில்ல?”

“தெரியும் மேடம்.”

பிழைக்கத் தெரியாத பெண். வாயை மூடிக்கொண்டு வந்து ஃபைலை நீட்டியிருந்தால் இடம் அவளுடையது. பூதக்கண்ணாடி அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பால் வெகு நிதானமாகத் துடைக்க ஆரம்பித்தார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்குக் கடிகாரம் தெரியாது.

தையல்காரர் மூச்சிரைக்க உள்ளே வந்தார். ஒரு காலில் செருப்பைக் காணோம். சாப்பாட்டுக்காகப் பூட்டியிருந்த கடைக்காரரை வீட்டிலிருந்து கையோடு இழுத்து வந்து திறக்க வைத்தாராம். வியர்வை பட்டுவிடக் கூடாதென்று இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்திருந்த பட்டியலை மேஜையில் வைத்தார்.

பூதக்கண்ணாடி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டைவிரலை ஓட்டினார். மேடு தட்டுப்பட்டது. கடைசி இடத்துக்கான சீட்டில் முத்திரை விழுந்தது. மேஜை முன் நின்ற பெண் சீட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

“எத்தனையோ அப்பாக்களைப் பார்த்திருக்கேன்” என்றார் பூதக்கண்ணாடி. “உங்களை மாதிரி ஒருத்தரைப் பார்த்ததில்ல. உங்க பொண்ணு கொடுத்து வச்சவ.”

தையல்காரர் சங்கடத்தோடு அளவு நாடாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இது என் பொண்ணு இல்லைங்க, பக்கத்து வீட்டுப் பொண்ணு. இவங்கம்மாவுக்கு ஆஸ்பத்திரியில டியூட்டி, லீவு தரல. நீங்க கூடப் போயிட்டு வாங்கண்ணேன்னு என்னை நம்பி அனுப்பினாங்க.”

அப்போதுதான் பூதக்கண்ணாடிக்கு ஜன்னலோரப் பெண்ணின் நினைவு வந்தது. இடம் முடிந்துவிட்டது, நீ கிளம்பலாம் என்று சொல்ல வருத்தத்தோடு திரும்பினார்.

அவள் ஏற்கெனவே எழுந்து வந்திருந்தாள். நெஞ்சோடு அணைத்திருந்த அவளுடைய ஃபைலின் ஓரத்திலும் சிவப்பும் நீலமுமாய் நூல்கள் தொங்கின. தையல்காரரின் தோளில் ஒட்டியிருந்த நூல் துணுக்கை எடுத்துப் போட்டுவிட்டு, “போலாமாப்பா?” என்றாள்.